ஆயில் விளக்கின் பல்பு

சிலுவைக்கு இடது காது போனது முத்துக் குளிப்பில். 1961இல் ஒரு பங்குனிக் காலையில், எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்தில் சிப்பி அரித்துக்கொண்டிருந்தவருக்குக் காதுக்குள் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். அந்தக் காதால் அவர் கேட்ட கடைசிச் சத்தம் அது. வள்ளத்தில் தூக்கிப் போட்டபோது கழுத்துவரை ரத்தம். வலது காதும் முழுசாகத் தப்பவில்லை. பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னால் கேட்கும்; காற்றடித்தால் அதுவும் கிடையாது.

இனிக் கடலில் இறங்க முடியாது என்று ஆனதும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்ஸ் கொடுத்தவர்கள் கண்ணைப் பார்த்தார்கள், கையைக் காலைப் பார்த்தார்கள். காதைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பீச் ரோட்டில் கப்பல் ஏஜென்சி வைத்திருந்த வில்பிரட் முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தார்.

விஷயம் வீட்டோடு நின்றது. மனைவி அந்தோணியம்மாள் எதைச் சொல்வதென்றாலும் அவருக்கு வலதுபக்கமாகச் சுற்றி வந்துதான் சொல்வாள். ஒரே மகன் கிளாட்வினுக்கும் ஆறு வயதிலிருந்து அதே பழக்கம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். காது கேளாதவன் கையில் யார் காரைக் கொடுப்பார்கள்?

அதனால் சிலுவை தனக்கென்று சில ஏற்பாடுகள் செய்துகொண்டிருந்தார். பின்னால் வரும் வண்டியைக் காட்ட வேண்டிய கண்ணாடியை, பின்சீட்டில் இருப்பவர்களின் வாய் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்திருந்தார். உதடு அசைவது தெரிந்தால் வண்டியை மெதுவாக்கித் தலையைத் திருப்புவார். ‘நம்ம சிலுவை மரியாதை தெரிஞ்சவன்’ என்று முதலாளி நாலு பேரிடம் சொல்லுவார்.

என்ஜின் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. மற்ற டிரைவர்கள் காதை வைத்து ஓட்டினார்கள். தட்டல் வந்தால் நிறுத்துவார்கள், இரைச்சல் மாறினால் இறங்கிப் பார்ப்பார்கள். சிலுவைக்கு அது முடியாது. அவருக்கு மூன்று சாட்சிகள் இருந்தன. பானெட்டுக்குள் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட அட்டை ஒன்று. அடுத்த ஆயில் எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று அதில் ஒர்க்‌ஷாப்காரர் எழுதியிருப்பார். அட்டைக்குத் தூரம்தான் தெரியும், ஆயில் எப்படி இருக்கிறது என்பது தெரியாது. இரண்டாவது, ஆயில் அளக்கும் கம்பி. அது வண்டி நிற்கும்போது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும், ஓடும்போது வாய் திறக்காது. மூன்றாவது, டேஷில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்த சிவப்பு விளக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த நிமிஷத்து நிலவரத்தைச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அதன் சூத்திரம் மிகச் சின்னது. என்ஜின் பக்கவாட்டில் ஒரு சுவிட்சு. ஆயில் அழுத்தம் இல்லாதபோது அது மூடியிருக்கும், விளக்கு எரியும். அழுத்தம் ஏறினால் உள்ளே இருக்கும் தகடு தள்ளப்பட்டுச் சுவிட்சு திறக்கும், விளக்கு அணையும். சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டும், என்ஜின் பிடித்ததும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். சாவி திருப்பியும் எரியாவிட்டால் விளக்கே செத்துவிட்டது என்று பொருள். தினமும் காலையில் சாவியைத் திருப்பி அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் சிலுவை ஸ்டார்ட் செய்வார். பிடித்ததும், அது அணைவதைப் பார்ப்பார். பிறகுதான் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார்.

1974இல் மாதா கோயில் திருவிழா முடிந்த வாரம், முதலாளியின் மனைவி மெட்டில்டா அம்மாள் ஒரு சின்ன மாதா சுரூபம் வாங்கிக் காரில் வைத்தாள். மகள் மரியசெல்வி முழுகாமல் இருந்தாள். மருமகன் கப்பலில் இருந்தான். மாதாவின் காலடியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் நன்றாயிருக்கும் என்று அம்மாளுக்குத் தோன்றியது. வண்டியை வீரபாகுவின் எலக்ட்ரிக் கடைக்கு விடச் சொன்னாள். கிளாட்வின் மதுரையில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு வந்திருந்தவன் அன்றைக்கு அப்பாவோடு போனான்.

வீரபாகு டப்பாவைக் கவிழ்த்துத் தேடினான். “ஹோல்டர் இருக்கு அம்மா. இந்தச் சைஸ் பல்புதான் இல்ல. மதுரைல இருந்து வரணும்.”

“இன்னைக்கே எரிஞ்சாத்தான் நல்லது வீரபாகு. சனிக்கிழமை, மாதா நாள்.”

அவன் காருக்குள் தலையை நுழைத்து டேஷைப் பார்த்தான். “இங்கன ஒண்ணு சும்மாதான கெடக்கு. ஆயில் வெளக்கு. வண்டி ஓடும்போது வருஷத்துல ஒரு நாள்கூட எரியாது. இதக் கழத்தி மாதாவுக்குப் போடுவோம். பல்பு வந்ததும் இதுக்கு வேற மாட்டிக்கலாம்.”

“அதை எடுத்தா ஒண்ணும் ஆயிராதே?”

“கார் ஓட்டுததுக்கு அது எதுக்கும்மா? ஓட்டுதவனுக்குக் காதுன்னு ஒண்ணு இருக்குல்லா? ஆயில் இல்லன்னா என்ஜின் ஊரக் கூட்டிரும். என்ன அண்ணாச்சி?”

கேள்வி சிலுவையைப் பார்த்து. அவருக்கு எவ்வளவு கேட்டதோ, வீரபாகுவின் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். கிளாட்வின் வாயைத் திறந்தான். அப்பாவின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. பிடி வலித்தது.

“ஆமா, காது இருக்குல்லா,” என்று சொல்லிச் சிலுவை சிரித்தார்.

பல்பு மாதாவின் காலடிக்குப் போயிற்று. அன்றிலிருந்து சாவியைத் திருப்பினால் அங்கே சிவப்பு எரியும். என்ஜின் பிடித்த பிறகும் எரியும், வண்டி நிற்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். டேஷில் அந்த இடம் இருட்டாகக் கிடந்தது. சிலுவை ஆயில் கம்பியைக் காலையில் ஒரு தடவை பார்த்தது போய், வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் பார்க்க ஆரம்பித்தார்.

கிளாட்வின் மதுரைக்குப் பஸ் ஏறும்போது அவர் சொன்னது ஒன்றுதான். “ஏலே, டவுன் ஹால் ரோட்டுல கெடைக்குமாம். வரும்போது அந்தப் பல்பு ஒண்ணு வாங்கிட்டு வா. மறந்துராத.”

செப்டம்பரில் வந்தபோது ஞாயிற்றுக்கிழமை, கடைகள் மூடியிருந்தன. அக்டோபர் கடைசியில் கல்லறைத் திருநாளுக்கு வந்தபோது வெறுமனே மறந்துபோனான். பரீட்சை இல்லை, அவசரம் இல்லை, ஒரு காரணமும் இல்லை. சிலுவை கோபப்படவில்லை. “அடுத்த தடவ பாத்துக்கலாம்,” என்றார். வீரபாகு கடையிலும் அவர் மூன்று தடவை கேட்டிருந்தார். நாலாவது தடவை கேட்டால் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பானோ என்று விட்டுவிட்டார்.

நவம்பர் பதினெட்டாம் தேதி. மூன்று நாளாக மழை. காலை பத்து மணிக்கு மரியசெல்விக்கு பிரசவ வலி கண்டு, ரத்தப் போக்கு நிற்கவில்லை. ஊர் டாக்டர் பாளையங்கோட்டைக்கு உடனே கொண்டு போகச் சொன்னார். முதலாளி துறைமுகத்தில் கப்பலில் இருந்தார். மெட்டில்டா அம்மாள் மகளைப் பின்சீட்டில் மடியில் கிடத்திக்கொண்டாள். அந்த அவசரத்திலும் சிலுவை பானெட்டைத் திறந்து கம்பியைப் பார்த்தார். ஆயில் நிறைய இருந்தது. அட்டையில் எழுதிய கணக்குக்கு இன்னும் தொள்ளாயிரம் கிலோமீட்டர் பாக்கி.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் கிளாட்வினிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்.

வாகைக்குளம் தாண்டி ரோடு அரித்துப்போய்க் கிடந்தது. தண்ணீர் நின்ற பள்ளம் ஒன்றில் கீழே எதுவோ இடித்தது. ஸ்டியரிங்கில் தெரிந்தது. நிறுத்திப் பார்க்கலாமா என்று அவர் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் மெட்டில்டா அம்மாளின் உதடு இடைவிடாமல் அசைந்துகொண்டிருந்தது. ஜெபமாலையா, தன்னிடம் சொல்கிறாளா என்று தெரியவில்லை. மரியசெல்வியின் முகம் வெளுத்திருந்தது. நிறுத்தவில்லை. டேஷைப் பார்த்தார், இருட்டு. மாதாவின் காலடியில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

வல்லநாட்டு மலைக்குப் பக்கத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஸ்டார்ட்டர் என்ஜினை அசைக்கக்கூட இல்லை. கீழே குனிந்து பார்த்தபோது ஆயில் தட்டின் அடியில் இருந்த திருகாணி அதன் இடத்தில் இல்லை.

மழையில் ரோட்டின் நடுவில் நின்று கை காட்டினார். ஐம்பது நிமிஷம் கழித்து உப்பு ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று நின்றது. தாயையும் மகளையும் தூக்கி முன்னால் ஏற்றினார்கள். மரியசெல்வி ஆஸ்பத்திரி வாசலில் இறந்தாள். பிள்ளையையும் காப்பாற்ற முடியவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் முதலாளி வீட்டு முற்றத்தில் விசாரணை. தகவல் தெரிந்து மதுரையிலிருந்து வந்த கிளாட்வினும் வெளிவாசல் பக்கத்தில் நின்றான். ஒர்க்‌ஷாப் மேஸ்திரி செபாஸ்டின் உருகிய பேரிங் துண்டு ஒன்றைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். கட்டி இழுத்து வந்த கார் ஓரத்தில் நின்றது. பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மெட்டில்டா அம்மாள் கறுப்புச் சேலையில் நின்றாள்.

“இது சட்டுனு நடக்கிற காரியம் இல்ல முதலாளி,” என்றார் செபாஸ்டின். “ஆயில் வடிய வடியத் தட்டும். கொறஞ்சது நாலஞ்சு மைல் தட்டியிருக்கும். கடைசியில சம்மட்டி அடிக்க மாதிரி இருக்கும். செத்தவனுக்குக்கூடக் கேட்டுருக்கும்.”

“எனக்குக் கேட்டுச்சு,” என்றாள் மெட்டில்டா. குரலே இல்லை. “கார்னா அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன். சிலுவைக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

முதலாளி சிலுவைக்கு நேர் எதிரே வந்து நின்றார். அதனால் அவர் சொன்னது சிலுவைக்கு நன்றாகவே விளங்கியது. “ஏலே, உன்னை என் வீட்டு ஆளா வச்சிருந்தேன். சத்தம் கேட்டுச்சா, கேக்கலையா?”

சிலுவை பின்வாசலைப் பார்த்தார்.

“கேக்கலன்னாலும், ஆயில் வெளக்குன்னு ஒண்ணு இருக்கே,” என்று செபாஸ்டின் காரை நோக்கித் திரும்பினார். “அது எரிஞ்சிருக்கணுமே. ஒரு நிமிஷம், சாவியப் போட்டுப்…”

“கேட்டுச்சு,” என்றார் சிலுவை.

முற்றத்தில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“கேட்டுச்சு முதலாளி. தட்டுனது கேட்டுச்சு. நின்னா நேரமாயிரும், போய்ச் சேந்துரலாம்னு ஓட்டிட்டேன். என் தப்புதான்.”

செபாஸ்டின் காருக்குப் போகவில்லை. அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது? முதலாளி அடிக்கக் கையை ஓங்கி, அடிக்காமல் உள்ளே போனார். மெட்டில்டா மட்டும் நின்றாள். “நீ அப்பவே நின்னுருந்தா வாகைக்குளத்துலயே வேற வண்டி புடிச்சிருக்கலாமே, பாவி,” என்றாள். சிலுவை தலையை ஆட்டினார்.

வழியெல்லாம் கிளாட்வின் அப்பாவின் வலதுபக்கமாகவே நடந்தான். வீட்டுக்கு வந்ததும் கேட்டான்.

“ஏம்ப்பா அப்பிடிச் சொன்னிய? காது கேக்காதுன்னு சொல்லியிருந்தா இவ்வளவு பழி வராதுல்லா?”

“சொன்னா அடுத்த கேள்வி என்னல வரும்? பெறகு எதப் பாத்து ஓட்டுனேன்னு கேப்பான். வெளக்கப் பாத்துன்னு சொல்லணும். வெளக்கு எங்கன்னு கேப்பான்.” அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “புள்ளையப் பறிகுடுத்தவ. அந்தப் பல்ப அவதான் கேட்டு வாங்கிப் போட்டா, அதுவும் அந்தப் புள்ளைக்காக. இதையும் அவ தலையில தூக்கி வைக்கச் சொல்லுதியா?”

“நான் வாங்கிட்டு வந்திருந்தா…”

“அதப் பேசாத.” அதற்குப் பிறகு அவர் அதைப் பேசவிடவும் இல்லை.

முற்றத்தில் நடந்தது ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. சத்தம் கேட்டும் நிறுத்தாமல் ஓட்டி இரண்டு உயிரைக் கொன்றவன் என்று பேர். எந்த வீட்டிலும் சாவி கொடுக்கவில்லை. சிலுவை புதுத் துறைமுகத்தில் கரி அள்ளப் போனார். நாற்பத்தெட்டு வயதில் மண்வெட்டி. கடற்கரையில் குந்தியிருக்கிற கூட்டம், அவர் போகும்போது வாயாலேயே ‘டக் டக்’ என்று தட்டிக் காட்டும். அது அவருக்குக் கேட்காது. பக்கத்தில் நடந்த கிளாட்வினுக்குக் கேட்கும்.

கிளாட்வின் படித்து முடித்து முத்தையாபுரம் பக்கம் ஒரு ஆலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்தான். ஷிப்டில் ஏறியதும், மெஷின் ஓடுவதற்கு முன் எல்லா எச்சரிக்கை விளக்கையும் ஒரு தடவை எரியவிட்டுப் பார்ப்பான். எரியாததை மாற்றாமல் மெஷினைத் தொட விடமாட்டான். கூட வேலை பார்த்தவர்கள் அவனுக்கு ‘பல்பு’ என்று பேர் வைத்தார்கள்.

1978 ஜூலையில் சிலுவை இறந்தார். கரித் தளத்தில் பின்னால் வந்த லாரி இடித்தது. இடதுபக்கமாக வந்திருக்கிறது. “மூணு தடவ ஹாரன் அடிச்சேன், அசையாம நின்னாரு,” என்று லாரி டிரைவர் போலீசில் எழுதிக் கொடுத்தான். பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம், பெட்டி வீட்டில் இருக்கும்போது மெட்டில்டா அம்மாள் வந்தாள். நாலு வருஷத்தில் முதல் தடவை. கூட்டம் விலகி வழி விட்டது. அவள் பெட்டியைப் பார்க்காமல் கிளாட்வினைத் தனியே கூப்பிட்டாள்.

“ஹாரன் அடிச்சும் நகரலையாமே. ஊருல என்னமோ சொல்லுதாங்க, அவருக்குக் காதே கேக்காதுன்னு. உண்மையச் சொல்லு தம்பி. எங்க கார் ஓட்டும்போது அவருக்குக் காது கேட்டுச்சா?”

அப்பாவின் பேரைக் கழுவ ஒரே ஒரு வார்த்தை போதும். அவள் ஒரு கையில் பூமாலையும் மறு கையில் ஜெபமாலையும் இருந்தன. விரல் ஜெபமாலையின் ஒரே மணியிலேயே நின்றிருந்தது. மணிக்கட்டில் அந்தப் பழைய பிடியைக் கிளாட்வின் உணர்ந்தான்.

“கேட்டுச்சும்மா,” என்றான். “நல்லாவே கேக்கும். நேத்து ஏதோ யோசனையில நின்னுருக்காரு.”

மெட்டில்டா தலையசைத்தாள். இறுகியிருந்த தோள் கொஞ்சம் இறங்கிற்று. பூமாலையை வைக்கப் பெட்டியை நோக்கி நடந்தாள்.

பெட்டியின் இடதுபக்கத்தில் அந்தோணியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மூடும் நேரம் வந்துவிட்டது, சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள் என்று யாரோ அவளிடம் சொன்னார்கள். அவள் எழுந்தாள். கால்மாட்டைச் சுற்றி, கூட்டத்தை விலக்கி வலதுபக்கமாக வந்து குனிந்து, அந்தக் காதில் வாயை வைத்து உரக்கப் பேச ஆரம்பித்தாள்.

மெட்டில்டா அம்மாள் பூமாலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.