தலை இல்லாத ஓடை

அலுவலகத்தில் அவனுக்குப் பருந்து என்று பெயர். ட்ரோனைப் பறக்கவிட்டு, மலை ஓடைகளில் சின்ன மின்நிலையம் வைக்கத் தோதான இடம் தேடுவது அவன் வேலை. பறப்பது ட்ரோன், பெயர் மட்டும் அவனுக்கு. தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ, அந்த உயரத்தை அங்கே எல்லோரும் 'தலை' என்பார்கள். தலை இருந்தால் கரன்ட் வரும், இல்லாவிட்டால் வராது. "அந்த ஓடைக்குத் தலை இருக்கா?" என்று ஒருவர் கேட்பார். "இருந்துச்சு, நம்ம மேனேஜர் போய்ப் பாத்ததும் போயிடுச்சு" என்பார் இன்னொருவர். டீ நேரம் இப்படியே கழியும்.

பருந்து சிரிக்க மாட்டான். மனைவி காய்ச்சலில் போனதிலிருந்து அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. அழவும் இல்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டான் என்று சொந்தபந்தம் மெச்சியது. கல்லாவது வெயிலில் சுடும். இவன் மரத்துப் போயிருந்தான், அவ்வளவுதான். பேட்டரியைச் சார்ஜில் போடுவான், இறக்கைகளைத் துடைப்பான், தட்டில் விழுந்ததைச் சாப்பிடுவான்.

அவன் வீட்டில் இன்னொரு அறையில் அத்தான் படுத்திருந்தார், அக்காவின் கணவர். நுரையீரல் கெட்டுப்போய், மூச்சுக் கருவியோடு கட்டிப்போட்ட மாதிரி கிடந்தார். கருவிக்கு இராப்பகலாகக் கரன்ட் வேண்டும். அவர் வீடு இருப்பதோ கம்பி இழுக்க வழியில்லாத மேட்டுக் குடியிருப்பில். மாடுகளை விட்டுவிட்டு வர முடியாமல் அக்கா அங்கே அல்லாடிக்கொண்டிருந்தாள். டாக்டர் கையை விரித்தாகிவிட்டது. தன் வீட்டில், தன் கட்டிலில் கண்ணை மூட வேண்டும் என்பது மட்டும்தான் அத்தானுக்கு ஆசை.

அந்தக் குடியிருப்பின் ஓடையைப் பார்த்து வரும்படி அலுவலகம் சொன்னது. பறக்கவிட்டான், படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தான். பன்னிரண்டு மீட்டர் தலை! தாராளமாகப் போதும். வெகு நாளைக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, அத்தானைக் கூட்டிட்டு வந்துடலாம். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டு வை."

பிறகு பொறியாளர் குழாயும் அளவுகோலுமாக ஓடையில் இறங்கி அளந்தாள். மூன்று மீட்டர்தான் தேறியது.

"மேல் கரை முழுக்க மரம். மர உச்சியைத் தரைன்னு நினைச்சுக்கிச்சு உங்க ட்ரோன். கீழ் கரை வெறும் பாறை" என்றாள். "மர உயரத்தைக் கழிக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வேறெந்த ஓடையாக இருந்தாலும் கழித்திருப்பான். இந்த ஒன்றில்தான், வந்த எண் தனக்கு வேண்டிய எண்ணாக இருந்ததால் அப்படியே நம்பிவிட்டான். ஆசையே இல்லாமல் கிடந்தவன் ஒரு தடவை ஆசைப்பட்ட லட்சணம் இது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே அத்தான் கேட்டார்.

"என்ன மாப்ளே, முகம் தொங்கிப் போச்சு? தலை தப்பிச்சுதா?"

"தலை இல்ல அத்தான். மேல் கரை மரத்தையும் உயரத்துல சேத்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

அத்தான் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"மேல் கரைன்னா, வளைவுக்கு அந்தப் பக்கமா?"

"ஆமா."

"அது நாங்க வெச்ச மரம் மாப்ளே." முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். "மண்ணு சரியுதேன்னு, கல்யாணமான வருஷம் வெச்சது. உங்க அக்காதான் தண்ணி சுமந்து ஊத்தினா. எவ்வளவு உசரம் இருக்கு?"

"ஒம்பது மீட்டர்."

"ஒம்பதா!" மூச்சு வாங்கியது. முகத்தில் சிரிப்பு. "அண்ணாந்து பாத்ததோட சரி. மேலேருந்து காட்டு."

பருந்து படத்தை ஓடவிட்டான். பச்சை உச்சிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அவற்றைத் தாண்டிக் கூரை வந்தது, வாசல் வந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். தம்பியின் ட்ரோன் என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.

படுத்தபடியே அத்தானும் கையை ஆட்டினார்.

பருந்துக்கு இத்தனை நாள் வராத அழுகை, கேட்காமல் வந்து நின்றது. கட்டிலைப் பழைய இடத்திலேயே போடச் சொல்லி அக்காவுக்கு அவன் இன்னும் போன் செய்யவில்லை.