சிங்கப்பூர்த் தைலமும் எங்கள் சின்னியும்

எங்கள் வீட்டில் தலைவலி, சளி, பூச்சிக்கடி எதுவானாலும் யூகலிப்டஸ் தைலம்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் வரும்போதெல்லாம் பெட்டியில் கொண்டுவருவார். போன மார்கழிப் பனியில் எங்கள் பூனை சின்னி ஓயாமல் தும்மியது. இலையிலிருந்து எடுத்த எண்ணெய்தானே, என்ன செய்துவிடும் என்று அதன் நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சின்னியின் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. பின்னங்கால்கள் நடுங்கிச் சரிந்தன. பதறிப்போய்க் கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன்.

"பூனை நக்கி நக்கித்தாங்க உடம்பைச் சுத்தம் பண்ணும். நீங்க தடவுனது இப்ப வயித்துக்குள்ள போயிருக்கும். பூனைக்கு அது விஷங்க. சோப்புப் போட்டுக் கழுவி உடனே தூக்கிட்டு வாங்க" என்றார்.

சின்னியோ குறுவை நெல் மூட்டைகளுக்கு நடுவே போய் ஒடுங்கிவிட்டது. கையை நீட்டினால் இன்னும் உள்ளே நகர்ந்தது. என் கை முழுக்க அதே தைல வாடை! கழுவிக் கழுவிப் பார்த்தும் போகவில்லை. அது நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழத்தான் முடிந்தது. நான் போனில் கூப்பிட்டதும் வயலிலிருந்து கணவர் ஓடிவந்து மூட்டைகளை நகர்த்தி எடுத்தபோது சின்னி துவண்டிருந்தது.

கழுவித் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியபின் பிழைத்தது.

இப்போது அது ஒரு தும்மல் போட்டாலும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தடவுவதில்லை. தைல பாட்டில்களைப் பூனை வளர்க்காத வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் நான் சோறு வைத்தால், நான் நகர்ந்துபோன பிறகுதான் சின்னி தட்டருகே வருகிறது.