தமிழினிக்குப் பாடம் தேடிய இரண்டு வருடங்கள்

1. விடைத்தாள்

வடக்கனந்தலிலிருந்து சேகர் என்பவர் போன் செய்தார். நெல் அறுவடை மெஷின் வைத்து ஓட்டுபவர். எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“மிஸ், எம்பொண்ணு பரீட்சையில வெறும் பேப்பர குடுத்துட்டு வந்துட்டா. ஸ்கூல்ல கூப்ட்டு டி.சி. வாங்கிக்கினு போயிடுங்கன்றாங்க. வூட்லயே படிக்கிற பசங்களுக்கு நீங்க பாடம் எடுத்துக் குடுப்பீங்கன்னாங்க. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?”

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதற்குப் பிறகு இந்த வேலைக்கு வந்தேன். இது டியூஷன் இல்லை. பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டம் பொருந்தும், எதை முதலில் வைப்பது, எதை விட்டுவிடலாம், பாடத்துக்கு வெளியே என்ன கொடுக்கலாம் என்று பார்த்துச் சொல்வது. என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் பெங்களூரிலிருந்து ஊர் திரும்பி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்குச் சொல்வது சுலபம். வயதுக்கு மீறிப் படிக்கிற பிள்ளை வந்தால்தான் வேலை கடினம். அப்படிப்பட்டவர்கள் மிகக் கொஞ்சம். இந்த வேலைக்கு வரப்போகிற இளைய ஆசிரியர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சேகர் வீட்டில் அந்த விடைத்தாளைக் காட்டினார்கள். அது முழுக்க வெறும் தாள் இல்லை. முதல் கேள்விக்கு விடை இருந்தது. அதற்குக் கீழே, ‘மீதி எல்லாம் இதே கணக்கு, நம்பர் மட்டும் வேற’ என்று எழுதியிருந்தது. தமிழினிக்கு அப்போது எட்டு வயது. நான்காம் வகுப்பு.

“ஸ்கூல்ல இத திமிருன்றாங்க. இதுல திமிரு எங்க மிஸ் இருக்குது? இருக்கறதத்தான எழுதியிருக்கா” என்றாள் அவளுடைய அம்மா கவிதா. பி.எஸ்ஸி. படித்துவிட்டு வீட்டில் இருப்பவள். அழுது முகம் வீங்கியிருந்தது. தமிழினி சுவரோரமாக உட்கார்ந்து, செருப்பின் வாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததோடு சரி.

2. எதை எடுப்பது, எதை விடுவது

முதல் வேலை, பிள்ளை நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. பிளேஸ்மென்ட் டெஸ்ட் என்போம். வயதுக்குரிய தாளிலிருந்து தொடங்கி, தடுமாறும் வரை மேலே போக வேண்டும். தமிழினி கணக்கில் ஏழாம் வகுப்பைத் தாண்டித்தான் தடுமாறினாள். தமிழ் வாசிப்பும் அதே மட்டத்தில் இருந்தது. ஆங்கிலம் மட்டும் வயதுக்கு ஏற்ற அளவு. கையெழுத்து வயதைவிடக் கம்மி. இப்படி மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். ஒரே கிளாஸுக்கான புத்தக செட்டை அப்படியே வாங்கிக் கொடுத்தால் எதுவும் பொருந்தாது.

சேகர் அதற்குள் போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து வெளிநாட்டு செட் ஒன்றை வரவழைத்திருந்தார். அது ஸ்பைரல் வகை. ஒரே பாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரும். மறந்துபோகிற பிள்ளைக்கு அது நல்லது. ஒரு தடவையில் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு அது தண்டனை. விடைத்தாளில் தமிழினி எழுதியது அதைத்தான். அதோடு கணக்கெல்லாம் டாலரிலும், குவார்ட்டர் என்கிற கால் டாலர் காசிலும் இருந்தது.

“குவார்ட்டர்னா பிராந்திதான மிஸ்? நாலு குவார்ட்டர் சேர்ந்தா எப்டி ஒரு டாலர் ஆவும்?” என்று கேட்டாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. கவிதா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை அப்படித்தான் அறிமுகமாகிறது.

அந்த செட்டை ஒதுக்கினேன். கணக்குக்கு, ஒரு பாடத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் மேஸ்டரி வகையில் ஒன்றை எடுத்தேன். அதிலும் பயிற்சிகளில் பாதியை வெட்டினேன். அறிவியலுக்கு அரசுப் பாடநூல். கூடவே ஒரு லென்ஸ், ஒரு தராசு. தமிழில் புதிர்க் கணக்குப் புத்தகங்களைத் தேடினேன். அந்த வயதுக்கு நிறையக் கிடைத்தன. அதற்கு மேலே போனால் எல்லாம் ஆங்கிலம். நானே பல இரவுகள் உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

நான்கைந்து மாதம் நன்றாகப் போனது. பிறகு தமிழினி மெல்ல மெல்ல மந்தமானாள். கொடுத்ததை முடித்துவிடுவாள். முடித்துவிட்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். கவிதா எனக்குப் போன் செய்தாள்.

“எல்லாத்தையும் செய்றா மிஸ். செஞ்சிட்டு எங்கிட்ட கொணாந்து காட்றா. எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்றேன். அது அவளுக்குத் தெரிஞ்சிபோச்சி.”

3. செங்கல்

அந்தச் சமயத்தில்தான் ஜோதியைப் பார்த்தேன். என் பழைய மாணவி. கல்வராயன்மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சர். அவள் பள்ளியில் கோபிகா என்று ஒரு பெண். தாய் தகப்பன் இருவரும் மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. “நான் சொல்லித் தராததெல்லாம் போட்றா மிஸ். அவளுக்கு இன்னா குடுக்கறதுன்னே தெரில” என்றாள் ஜோதி.

ஒரு சனிக்கிழமை தமிழினியையும் கவிதாவையும் அழைத்துக்கொண்டு மலை பஸ் ஏறினேன். அந்தப் பள்ளியில் கழிப்பறை கட்டச் செங்கல் இறக்கியிருந்தார்கள். நான் ஒரு கணக்கு கொடுத்தேன். ஒரு செங்கல் நீளமே அகலமாக உள்ள பாதை. அதில் செங்கல்லைக் குறுக்கே ஒன்றாகவும் வைக்கலாம், நீளவாக்கில் இரண்டு சேர்த்தும் வைக்கலாம். ஒரு செங்கல் என்றால் ஒரு விதம்தான். இரண்டுக்கு இரண்டு விதம். மூன்றுக்கு மூன்று. நான்கு செங்கல்லுக்கு?

“நாலு” என்றாள் தமிழினி, கேள்வி முடிவதற்குள்.

கோபிகா செங்கல் குவியலுக்குப் போனாள். செங்கல்லை எடுத்து அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். ஒல்லியான பெண். தமிழினியைவிட ஒரு வயது பெரியவள்.

“அஞ்சு” என்றாள்.

“இல்ல. ஒண்ணு, ரெண்டு, மூணு, அப்புறம் நாலுதான வரும்?”

“தப்பு. இந்தா, வச்சிக் காட்றேன். எண்ணு.”

தமிழினி எண்ணினாள். ஐந்துதான். அவள் முகம் சிவந்ததைப் பார்த்து, எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளோ சப்பணம் போட்டு உட்கார்ந்து, “அப்ப அஞ்சு செங்கல்லுக்கு?” என்றாள். எட்டு என்று கண்டுபிடிக்க இருவரும் சேர்ந்து அடுக்கினார்கள். அதற்குப் பிறகு செங்கல்லைத் தொடவில்லை. கடைசியில் முடிவது குறுக்குக் கல்லா, நெடுக்குச் சோடியா என்று பிரித்துப் பார்த்தால் போதும், முந்தைய இரண்டு விடைகளைக் கூட்டினால் அடுத்தது வந்துவிடும் என்று ஒருத்தி பாதி சொல்ல, மற்றவள் மீதியைச் சொன்னாள். யார் எந்தப் பாதியைச் சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை.

பஸ்ஸில் மலை இறங்கி வரும்போது தமிழினி வாய் ஓயாமல் பேசினாள். அந்தப் பிள்ளை அவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியாது. கவிதா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் முழுவதும், மழையில் மலைப்பாதை அடைபட்ட வாரங்கள் தவிர, சனிக்கிழமைகளில் போனோம். பாடத்திட்டத்தை இருவருக்குமாக மாற்றி எழுதினேன். எந்தப் பதிப்பகத்தின் செட்டும் செய்யாததை அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் செய்துகொண்டார்கள். நான் செய்தது பஸ் ஏற்றி அழைத்துப் போனது மட்டும்தான்.

4. சின்னப்பொண்ணு சொன்னது

தைக்குப் பிறகு ஜோதி போன் செய்தாள். கோபிகாவின் வீட்டார் மிளகு பறிக்கக் கேரளா போகிறார்கள், இந்தத் தடவை அவளையும் கூட்டிப் போகிறார்கள் என்றாள். வழக்கமாக வீட்டோடு இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அத்தை படுத்த படுக்கையாகிவிட்டாளாம்.

மறுநாளே மலைக்குப் போனேன். கோபிகாவின் அம்மா சின்னப்பொண்ணு வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான் தயாராகப் போயிருந்தேன். கோபிகா எங்கள் வீட்டில் தங்கட்டும், என் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், நானும் வீட்டுக்காரரும்தான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

“டீச்சரு, நீங்க நல்லவங்கதான். இல்லன்னு சொல்லல” என்றாள். “இவளுக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. படிக்கட்டும்னு சொந்தக்காரங்க வூட்லதான் வுட்டுட்டுப் போனோம். திரும்பி வர்றப்ப அவளுக்குக் கல்யாணம் முடிஞ்சிருந்துச்சி. கழுத்துல தாலியோட வந்து நின்னா. அதுலேர்ந்து எந்தப் புள்ளையையும் அடுத்தவங்க வூட்ல வுட்டுட்டுப் போறதில்ல.”

“நான் அப்படி விடுவேனா அம்மா?”

“மாட்டீங்க. எம்மனசு கேக்காது டீச்சரு.”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. வீட்டுக்குள் கோபிகா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெளியே வராமல் நின்றிருந்தாள். நான் எழுதிய தாள்களைக் கொடுத்தேன். ஒரு கையால் வாங்கிக்கொண்டாள்.

“தமிழினிட்ட சொல்லிடுங்க மிஸ்” என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர்களிடம் இருந்த போன் நம்பர் ஒரு மாதத்தில் வேலை செய்யாமல் போனது. பள்ளி திறந்தபோதும் அவர்கள் திரும்பவில்லை. எங்கோ எஸ்டேட்டிலேயே தங்கிவிட்டதாக ஜோதி கேள்விப்பட்டாள். எந்த எஸ்டேட் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

5. கேமரா

தமிழினி முதலில் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்தினாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான ஆன்லைன் குழு ஒன்றில் சேர்த்தேன். நல்ல குழு, நல்ல கணக்கு. அதில் இருந்த பிள்ளைகள் பெரிய நகரங்களைச் சேர்ந்தவர்கள். சரளமான ஆங்கிலம், ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர். தமிழினிக்கு விடை தெரியும். அதை ஆங்கிலத்தில் கோத்து முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த கணக்குக்குப் போயிருக்கும். மூன்றாவது நாள் வகுப்பில் கேமராவை அணைத்தாள். அப்புறம் ஒரு நாள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று கவிதா சொன்னாள்.

சேகர் என்னைத் தேடி கள்ளக்குறிச்சிக்கே வந்தார். கோபமாக வரவில்லை. களைத்துப்போய் வந்தார்.

“மிஸ், வூட்ல படிச்சி பத்தாவது எழுதணும்னா வயசு வரணுங்கறாங்க. இன்னும் நாலு வருசம் ஆவும். அதுவரைக்கும் இவ இன்னா பண்ணுவா? சாப்பாடு எறங்கல. யார்ட்டயும் பேசமாட்டேங்கறா. சொந்தக்காரங்க வூட்டு விசேசத்துக்குப் போனா, ‘ஸ்கூலுக்குப் போவாத பொண்ணு’ன்றாங்க. அது அவ காதுல வுழுது.”

“இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே சேகர். வேறு ஒரு பாடத்திட்டம்…”

“பாடத்துல கொற இல்ல மிஸ்” என்றார்.

அந்த ஜூனில் அவளை வேறொரு பள்ளியில் சேர்த்தார்கள். வயதுக்குரிய வகுப்பில்தான் இடம் தந்தார்கள்.

6. கடைசியாகப் பார்த்தது

சில மாதம் கழித்து, கச்சிராயபாளையம் ஜவுளிக்கடை ஒன்றில் கவிதாவையும் தமிழினியையும் பார்த்தேன். தமிழினி சடை பின்னி, ரிப்பன் கட்டி, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கவிதா துணி பார்த்துக்கொண்டிருக்க, நான் அவளைத் தனியே அழைத்து, பள்ளி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“நல்லாருக்கு மிஸ். ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க.”

“கணக்கு?”

“அதெல்லாம் ஈசிதான்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “மிஸ் கேள்வி கேட்டா மொதல்ல எல்லாம் சொல்லிடுவேன். எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. இப்ப தெரியல மிஸ்னு சொல்லிடுவேன். ஒக்காரச் சொல்லிடுவாங்க.”

“தெரிந்தாலுமா?”

“நெஜமாவே தெரியாத மாதிரி மூஞ்ச வச்சிக்கணும் மிஸ். இல்லன்னா கண்டுபுடிச்சிருவாங்க.” அதையும் அவள் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மா கூப்பிட்டதும், பாவாடைத் துணி பார்க்க ஓடிவிட்டாள். கவிதா தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். புரிந்தவள் போல நானும் தலையசைத்துவிட்டு, வாங்க வந்ததை வாங்காமல் வெளியே வந்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பாடத்திட்டம் தேர்ந்தெடுப்பதை யாரும் கற்றுக்கொள்ளலாம். பிள்ளை எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு தனியாகப் போகிறது. அதற்கு எந்த செட்டிலும் பாடம் இல்லை. முதல் நாளே, “இவளோட சரிக்குச் சமமா சண்டை போட வேற ஒரு பிள்ளை இருக்கா?” என்று கேளுங்கள். இல்லை என்றால், அதைத் தேடுவதுதான் உங்கள் வேலை. கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கிடைத்தாலும் நிலைக்கும் என்று சொல்ல மாட்டேன்.

இப்போதும் எனக்குப் போன் வருகிறது. எம்பையன் ரொம்ப ஷார்ப் மிஸ், எது வாங்கலாம் என்று கேட்கிறார்கள். முதலில் கூட உட்கார ஒரு பிள்ளையைத் தேடுங்கள் என்கிறேன். சரி சரி என்று கேட்டுக்கொள்வார்கள். பிறகு, “அதுக்கு எந்த ஆப் மிஸ் நல்லாருக்கும்?” என்பார்கள்.

எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று ஆப்களின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன்.