பிரிக்கக் கூடாத பொட்டலம்

என் தங்கை சொர்ணலட்சுமியின் புருஷன் வேலுமணிக்கு இரண்டு தொழில். சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைகளை மூட்டை கட்டி ஊர் ஊராகத் தூக்கிப் போய் விற்பது ஒன்று. பஸ்ஸிலும் ரயிலிலும் பக்கத்து ஆட்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டுக் கதை எழுதுவது இன்னொன்று. முதல் தொழில் சோறு போட்டது. இரண்டாவது தொழிலால் அவன் ஒருமுறை செத்துப் பிழைத்தான்.

நாங்கள் இருவரும் ஒரே வயது. அவன் என்னை மச்சான் என்பான், நான் மாப்பிள்ளை என்பேன். அவன் கதைகள் எப்போதாவது வாரப் பத்திரிகையில் புனைபெயரில் வரும். வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் தறிச் சத்தம்தான் காதில் விழுகிறது, கதை விழவில்லை என்பான். அதற்காகவே கொடைரோடு ஸ்டேஷனில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பான். பஸ்ஸில் பெண்கள் வரிசைக்கு முன் சீட்டில் இடம் பிடித்து, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வான்.

"இனிமே இவனைப் பாக்கவா போறோம்னு நினைச்சுத்தான் மச்சான், வழியில மனுசன் மனசத் தொறக்கிறான். நாம காதத் தொறந்து வச்சாப் போதும்" என்பான்.

"இதுக்குப் பேரு எழுத்தா? களவாணித்தனம்" என்பேன். சிரிப்பான். கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும், ஒரு சொல்லை மாற்றினாலும் உயிர் போய்விடும் என்பது அவன் கட்சி. அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, ஒரு பங்குனி மாதம். திண்டுக்கல்லுக்குப் போகிற விடியற்காலை பஸ்ஸில் பூக்கூடைகளோடு இரண்டு பெண்கள் இவனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். அக்காள் தங்கை. மூத்தவளுக்கு இடது காது பாம்படத்தின் கனத்தில் அறுந்து, தைத்துச் சேர்த்திருந்தது. அவள் தங்கையின் காதில் சொன்னது இவன் காதிலும் விழுந்தது.

அவளுடைய நாத்தனார், தன் மகனுக்கு இவள் மகளைக் கேட்டிருக்கிறாள். முறை மாப்பிள்ளை, மறுக்க முடியாது. ஆனால் அவனுடைய முதல் பெண்டாட்டியைக் கல்யாணமான வருஷமே கிணற்றிலிருந்துதான் எடுத்தார்கள். இவள் புருஷனோ அக்காள் பேச்சைத் தட்டாதவன். கடைசியில் சாமியிடம் கேட்டுவிடலாம் என்று குலதெய்வக் கோயிலில் பூக் கட்டிப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். ஒரே மாதிரி இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்பு அரளி. சின்னப் பிள்ளை ஒன்றை எடுத்துக் கொடுக்கும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் சாமிக்குச் சம்மதமில்லை. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

"பொட்டலம் முடிஞ்சது நான்தான்டி. ரெண்டுலயும் அரளியத்தான் வச்சேன்" என்றாள் மூத்தவள்.

"அடி பாவி, சாமி குத்தமாயிரும்க்கா."

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். மூணு வருசமா நெஞ்சுக்குள்ளயே வச்சிருக்கேன். வைகாசியில மகளுக்கு வேற எடத்துல கல்யாணம். அது முடியிற வரைக்கும் வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா இவரு என்னைய வெட்டிப் போட்ருவாரு. அந்தப் பய எம் மகள வெட்டிப் போட்ருவான்."

பூ மார்க்கெட் வாசலில் இருவரும் இறங்கிப் போனார்கள். யார், எந்த ஊர் என்று வேலுமணிக்குத் தெரியாது. அன்றைக்கே எழுதி அனுப்பிவிட்டான். அறுந்த காதையும் விடவில்லை. சித்திரையில் கதை அச்சில் வந்தது. என்னிடம் அதைக் காட்டி, "காது எப்படி மச்சான்?" என்று கேட்டான். நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாரமே, இதுவரை போகாத ஊர்களுக்குப் போய்ப் பார்ப்போம் என்று சித்தையன்கோட்டைக்கு மேற்கே மூட்டையோடு நடந்தான். ஒரு ஊர் டீக்கடையில் உட்கார்ந்தான். கடைக்காரர் சடையாண்டி. பெஞ்சில் நாலைந்து பேர். அதில் பெரியகருப்பன் என்பவர் பூத்தோட்டக்காரர். வாட்டசாட்டமான ஆள், முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை, இடுப்பில் தோட்டத்து அருவாள்.

"சேலையா? எம் மகளுக்கு வைகாசியில கல்யாணம். டீயக் குடிச்சிட்டு வீட்டுக்கு வாரும்" என்றார். வேலுமணிக்குச் சந்தோஷம். வைகாசியில் ஊருக்குப் பத்துக் கல்யாணம் நடக்கும். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சடையாண்டி புதிதாக வந்த பத்திரிகையை எடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு டீ ஆற்றுகிற நேரம் போக வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம். வாசிக்க ஆரம்பித்தது வேலுமணியின் கதை. தன் எழுத்தை இன்னொருவர் வாயால் கேட்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. பூக்கூடை வந்தது, பஸ் வந்தது, அறுந்து தைத்த காது வந்தது.

பெஞ்சில் ஒருவர் சிரித்தார். "என்னப்பா கருப்புசாமி, இது ஒங்க அத்தை ஒச்சம்மா மாதிரில்ல இருக்கு."

அந்தக் கருப்புசாமி மூலையில் சூரிக்கத்தியால் வேப்பங்குச்சி சீவிக்கொண்டிருந்தான். பெரியகருப்பனின் அக்காள் மகன். கத்தி நின்றது. "காது மட்டுமா? பூவும்தான். வாசிங்கண்ணே" என்றான்.

அப்போதுதான் வேலுமணிக்குப் பொறி தட்டியது. வைகாசிக் கல்யாணம், பூத்தோட்டம், அத்தை, மாமன், மருமகன். தான் எழுதியவர்கள் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று புரிந்துவிட்டது. அடுத்த பத்தியில் இரண்டு பொட்டலமும் பிரிந்துவிடும். அந்த அம்மாளின் உயிரும் அந்தப் பெண்ணின் உயிரும் இனி நாலைந்து வரி தூரத்தில் இருந்தன. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தானாம். ஆனால் அவன் ஓடினாலும் வாசிப்பு நிற்காது.

சடையாண்டி வாசித்தார்: "'சாமிகிட்டப் பூக் கட்டிப் பாத்தப்ப நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்டி' என்று அவள்..." அதற்குள் பால் பொங்கியது. அவர் திரும்பினார்.

"நீங்க டீ ஆத்துங்கண்ணே, நான் வாசிக்கிறேன்" என்று வேலுமணி பத்திரிகையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான்.

காகிதத்தில் ஒன்று இருந்தது, அவன் வாயில் வேறொன்று வந்தது. எருமையை விற்கலாமா வேண்டாமா என்று அந்த அம்மாள் சாமியிடம் பூக் கேட்கிறாள். பொட்டலத்தை முடிந்துவைத்துவிட்டுக் குளிக்கப் போகிறாள். அதற்குள் ஒரு வெள்ளாடு வந்து ஒரு பொட்டலத்தைத் தின்றுவிடுகிறது. தின்றது வெள்ளையா சிவப்பா என்று தெரியாமல் ஊரே ஆட்டின் பின்னால் அலைகிறது. பூசாரி ஆட்டின் வாயைத் திறந்து பார்க்கிறார். ஒரு சொல் மாறினாலும் உயிர் போய்விடும் என்றவன், உயிர் போகாமல் இருக்க ஒரு கதையையே மாற்றிக்கொண்டிருந்தான். வியர்வை காகிதத்தில் சொட்டியது.

பெஞ்சு சிரித்தது. கருப்புசாமி சிரிக்கவில்லை.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாங்க."

"எனக்கும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். குடும், அந்த ஆட்டப் பாப்போம்."

கை நீட்டிக்கொண்டு எழுந்தான். மற்றக் கையில் கத்தி. வேலுமணியால் கொடுக்கவும் முடியவில்லை, கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. இடையில் பெரியகருப்பன் எழுந்து பத்திரிகையை வாங்கினார். "அடுப்பு அணையுது, ஆட்டுக்கதை கேட்டுக்கிட்டு நிக்கிறீக" என்று சொல்லிக்கொண்டே கசக்கி அடுப்புக்குள் திணித்தார். சடையாண்டி, காசு கொடுத்து வாங்கிய புத்தகம் என்று கத்தினார். கருப்புசாமி மாமனை ஒரு பார்வை பார்த்தான். மாமனை எதிர்த்துப் பேச அவனாலும் முடியவில்லை. குச்சியை வாயில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

வேலுமணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து வேகமாக நடந்தான். ஊர் எல்லை தாண்டியதும் பின்னால் செருப்புச் சத்தம். பெரியகருப்பன். இருபக்கமும் சோளக்காடு, ஒரு ஈ காக்கை இல்லை.

"நில்லுப்பா. அத எழுதுனவன் நீதான?"

வேலுமணி இரண்டடி பின்வாங்கினான்.

"வாசிக்கிறவன் காயிதத்தப் பாப்பான். நீ கருப்புசாமி கையில இருந்த கத்தியப் பாத்தே வாசிச்ச." அவர் கை அருவாள் பிடியில் இருந்தது. "எங்க கேட்ட?"

"பஸ்ல. யாருன்னு தெரியாதுங்கய்யா. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன். அந்தம்மாவ ஒண்ணும் பண்ணிராதீக." அழுதேவிட்டான். வெட்டு விழப்போகிறது என்று மூட்டையை நெஞ்சோடு கட்டிக்கொண்டான். என் தங்கை அன்றைக்குப் பிள்ளையாண்டிருந்தாள். அவள் முகம்தான் கண்ணில் வந்ததாம்.

பெரியகருப்பன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அருவாள் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"ரெண்டுலயும் செவப்புத்தான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். எடுக்காத பொட்டலத்த ஆத்துல விடப் போனது நான்தான். பிரிக்கக் கூடாதுதான். பிரிச்சுப் பாத்தேன்" என்றார். "வெள்ளை இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல. அரளியப் பாத்ததும் என் ஈரக்கொலையே குளுந்து போச்சு. எங்கக்காகிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்குத் தைரியமில்ல. அவளுக்கு இருந்துச்சு."

"அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமேய்யா."

"எப்பிடிச் சொல்ல? பெத்த மகளக் காப்பாத்த ஒனக்கு வக்கில்லாமப் போச்சேன்னு அவ ஒரு பார்வ பாத்தா அப்புறம் நான் இருந்து என்னத்துக்கு? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சு அவ பயந்துக்கிட்டே கெடக்கா. அதப் பாத்துக்கிட்டு நான் கெடக்கேன்." எழுந்து வேட்டியைத் தட்டினார். "இதையும் எழுதிராத."

எழுதமாட்டேன் என்று வேலுமணி மூட்டையின் மேல் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். அன்றைக்கும் மறுநாளும் சுற்றுவட்டாரக் கடைகளில் தொங்கிய அந்த இதழ்களையெல்லாம் தேடி வாங்கினான். எத்தனை வாங்கினாலும் எங்கோ ஒரு டீக்கடையில் யாரோ வாசிக்கிற சத்தம் கேட்பதுபோல் இருந்தது என்பான். வைகாசியில் அந்தப் பெண்ணின் கல்யாணம் நடந்தது. பொன்னழகு என்று பெயர். ஒட்டன்சத்திரம் பக்கம் போய்விட்டாள். அதற்குப் பிறகும் வேலுமணி கதை எழுதினான். ஆனால் பஸ்ஸில் பேச்சு காதில் விழாத டிரைவர் பக்கத்துச் சீட்டுக்கு மாறிவிட்டான். யார் பேசினாலும் காது, மூக்கு, ஊர் எல்லாவற்றையும் மாற்றி எழுதினான். முன்பு மாதிரி இல்லையே என்று நான்கூடச் சொன்னேன்.

சில வருஷம் கழித்துப் பெரியகருப்பன் இறந்துபோனார். பூ மார்க்கெட்டில் கேள்விப்பட்டு வேலுமணி ஓடினான். ஒச்சம்மாள் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்திவிட்டுக் குனிந்து, புருஷன் காதில் சொன்னாளாம்: "ஒன்னைய ஏமாத்திட்டனய்யா, மன்னிச்சிரு." மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. ஒட்டுக்கேட்டுப் பழகிய காது, இவனுக்கு மட்டும் கேட்டது. போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று இரண்டடி எடுத்துவைத்தான். அவளுக்குப் பக்கத்தில் மருமகன் முறைக்குக் கருப்புசாமி நின்றிருந்தான். பயந்து திரும்பிவிட்டான்.

இதையெல்லாம் அவன் என்னிடம் சொன்னது, நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. கருப்புசாமி அதற்கு முந்தின மாதம்தான் பாம்பு கடித்துச் செத்திருந்தான்.

"இனிமே பயமில்ல. ஆனா நான் எழுத மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். நீ குடுக்கலையே மச்சான்" என்றான்.

"எனக்கு எங்கடா எழுத வரும்? ஊரச் சொல்லு, நேர்ல போயிச் சொல்லிட்டு வாரேன்."

பயமில்லை என்று வாய்தான் சொன்னது, ஊர்ப் பெயரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. பயம் அவனை அந்த அளவுக்குப் பிடித்திருந்தது. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த நாளை வரவில்லை.

ஆகவே சாயத் தொட்டியில் கைவிட்டே காலம் தள்ளிய நான் இதை எழுதியிருக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். காது அறுந்ததும் நான் மாற்றி வைத்த அடையாளம்தான். உங்கள் ஊர் டீக்கடையிலோ வீட்டிலோ இதை யாராவது வாசிக்கும்போது, பூ விற்கிற வயதான அம்மாள் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தால், ஆட்டுக்கதை எதுவும் சொல்லிவிடாதீர்கள். அவள் புருஷன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டார், அவருக்குக் குலை குளிர்ந்து போயிற்று என்கிற அந்த இடத்தை உள்ளபடியே வாசியுங்கள்.