முழங்காலுக்கு ஒரு மெஷின்

அலுவலகத்தில் அவருக்கு ‘மூணு கொட்டேஷன்’ என்று பெயர். ஒரு மருந்துக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி. துடைப்பம் வாங்குவதானாலும் மூன்று கடைகளில் விலை கேட்டு, கட்டம் போட்டு ஒப்பிட்டு, கடைசியில் ‘மறுபடியும் கேட்கவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினால்தான் மனிதருக்குச் சோறு இறங்கும். “கல்யாணத்துக்கும் மூணு கொட்டேஷன் வாங்கினீங்களா சார்?” என்று ஸ்டோர்ஸ்காரர் ஒருமுறை வம்புக்கு இழுத்தார். இவர் சிரிக்கவில்லை. “அது கொஞ்சம் அவசரத்துல நடந்து போச்சு” என்றார்.

அந்த அவசரத்தில் வந்து சேர்ந்த மனைவி அடுத்த தெருவில் ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறாள். ஒற்றை நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி. முடி வெட்டுவதிலிருந்து கூட்டிப் பெருக்குவதுவரை எல்லாம் அவளே. உருவத்தில் சின்னவள், இவர் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். வருடக்கணக்காக நின்றே வேலை பார்த்ததில் அவளுடைய முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “தொடைத் தசை பலமா இருந்தாத்தான் முட்டி தாங்கும்மா. ஓடாதீங்க, குதிக்காதீங்க. வீட்டுல எலிப்டிகல்னு, நின்னுக்கிட்டே மிதிக்கற எக்சர்சைஸ் மெஷின் ஒண்ணு வாங்கிப் போடுங்க. அதுல பாதம் பெடலை விட்டு எழும்பாது, முட்டியில அதிராது. இப்படியே விட்டீங்கன்னா ஆபரேஷன்தான். அப்புறம் நின்னு செய்யற வேலையை மறந்துடணும்.”

பார்லரை மறந்துவிடு என்று அவள் காதில் விழுந்தது. வெளியே வந்ததும், “நாளைக்கே போய் வாங்கிடலாங்க” என்றாள்.

நாளைக்கேயா! மூணு கொட்டேஷனிடம் சொல்கிற பேச்சா இது?

“பொறு. வெங்காயமா வாங்கப் போறோம்? நாலு இடம் பாக்கணும்.”

“சரி, நானும் வரேன். ஏறிப் பாத்துடறேன்.”

“உனக்கு இதுல என்ன தெரியும்? ஃப்ளைவீல்னா என்னன்னு தெரியுமா?”

தெரியாது. அவருக்கே முந்தின நாள்வரை தெரியாது.

அதன் பிறகு ஊரில் அவர் ஏறாத மெஷின் இல்லை. கடைக்குள் நுழைவார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார், கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னுமாகக் காலை வீசுவார். உள்ளே சுற்றுகிற அந்த ஃப்ளைவீல் சக்கரம் எவ்வளவு கனம், காந்தம் எங்கே இருக்கிறது, ஏன் லேசாகக் கிறீச்சிடுகிறது என்று கேட்டுக் கேட்டு சேல்ஸ்மேன்களின் உயிரை வாங்கினார். ஒருத்தர் பொறுக்கமாட்டாமல், “யாரு சார் யூஸ் பண்ணப் போறது?” என்றார்.

“வீட்டுல.”

“வீட்டுலன்னா? அவங்க என்ன உயரம் சார்? கால் வீச்சு அதுக்குத் தக்கபடி இருக்கணும்.”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன். இது என்னய்யா, கொசு நடக்கற மாதிரி இருக்கு? நல்லா நீள வீச்சா காட்டு” என்று சொல்லிச் சின்ன மெஷினிலிருந்து இறங்கிவிட்டார்.

இங்கே பார்லரில் அவள் ஒரு உயர ஸ்டூலில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றுமாகக் கத்தரிக்கோலைப் பிடித்தாள். கூட்டமாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். சாயந்தரம் மாடிப்படிக் கம்பியைப் பிடித்து ஏறி வந்து, “ஆச்சா?” என்று கேட்பாள். “ஒருத்தன் இன்னும் பதில் அனுப்பல” என்பார் இவர். முட்டி வீங்கினால் வீங்கிவிட்டுப் போகிறது, பதில் வராமல் எப்படி முடிவெடுப்பது?

ஒருவழியாக மெஷின் வந்தது. படுக்கையறைக் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. இவர் புதுமாப்பிள்ளைக் களையோடு, “ம், ஏறு” என்றார்.

ஏறினாள். பெடல்கள் நகர்ந்ததும் ஒரு கால் முன்னே போயிற்று, இன்னொரு கால் எங்கேயோ பின்னே போயிற்று. “ஐயோ அம்மா!” என்று முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“பழகப் பழக சரியாயிடும். இங்க பாரு” என்று தானே தாவி ஏறினார். கடைகளில் தலைக்கு மேலே லாஃப்ட் இல்லை, வீட்டில் இருந்தது. முதல் சுற்றிலேயே நடுமண்டையில் ‘ணங்’கென்று இடித்தது.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவளோ கட்டிலில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே பேசினாள்.

“இத்தனை கடை ஏறினீங்களே, ஒரு கடையில என் காலை நினைச்சீங்களா? கல்யாணம் ஆனதுலேருந்து ரோட்டுல நீங்க முன்னாடி, நான் பின்னாடி. உங்க நடைக்கு ஈடு குடுத்து ஓடி ஓடியே பாதி முட்டி போச்சு. மிச்சத்துக்கு இந்த மெஷினா?”

இவருக்குச் சுருக்கென்றது. மண்டை வலிகூட மறந்துபோயிற்று.

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். “கடைக்குப் போறேன். மாத்திக் குடுத்தா சரி, இல்லேன்னா இதை வித்துட்டு வேற வாங்கிக்கறேன். நானே ஏறிப் பாத்து.”

“இரு, நானும் வரேன்.”

“வாங்க” என்றாள். “ஆனா பின்னாடி வாங்க.”

தெருவில் அவள் முன்னே போனாள். இவர் காலைக் குறுக்கிக் குறுக்கி வைத்து, இடித்துவிடாமல் பின்னால் நடந்தார். அவள் இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். வலிப்பது இடது கால் என்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.