ஆடியில் ஓர் ஆபரேஷன்

முடிச்சூரில் எங்கள் பக்கத்து வீடு தசரதன் அண்ணனுடையது. நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றவர். கொரோனா வந்த வருடம் அவர் மனைவி கிளியம்மாள் அக்காவுக்கு மார்பில் கட்டி. புற்றுநோய் என்று உறுதியானதும் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "ரெண்டு வாரம் வீட்டுக்குள்ள யாரும் வரக்கூடாது. டெஸ்ட்ல கொரோனா இருந்தா ஆபரேஷன் தள்ளிப்போகும். அதுவரைக்கும் கட்டி சும்மா இருக்காது."

அண்ணனைக் கேட்டால் வைரஸைத் தடுத்துவிடலாம் என்பார். சொந்தக்காரர்களைத் தடுப்பதுதான் கஷ்டம். கத்தி வைக்கும் முன் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்து முகம் பார்த்துத் திருநீறு பூசாவிட்டால், அவர்கள் வழக்கத்தில் அது உறவே இல்லை. வராதே என்றாலோ மூன்று தலைமுறைப் பகை. யோசித்தார். "ஆபரேஷன் ஆடி கழிச்சுதான்" என்று எல்லோருக்கும் போன் போட்டார். உடனே நம்பினார்கள். புதுச் செருப்புகூட வாங்காத மாதத்தில் யார் கத்தி வைப்பார்கள்? உண்மையான தேதியோ ஆடி மூன்றாம் வியாழன்.

அதற்கு முந்தின ஞாயிறு, பொழிச்சலூரிலிருந்து தங்கை சந்திரிகா கூழ்ப் பானையோடு வந்து நின்றாள்.

"இன்னாண்ணா, கேட்ட தொறக்க மாட்டேன்ற?"

"வேணாம்மா, போயிடு."

"அண்ணிய ஒரு பார்வ பாத்துட்டுப் போறேன். நா இன்னா மூணாம் மனுஷியா?" என்று சொல்லி இருமினாள். "தொண்ட கொஞ்சம் கரகரன்னு கீது, வேற ஒண்ணுமில்ல."

அண்ணன் பதறி, "எனக்கு கொரோனா கீதும்மா!" என்றார்.

பானையை அங்கேயே வைத்துவிட்டு ஓடினாள். மாலைக்குள் முடிச்சூருக்கே தெரிந்தது. திங்கள் காலை சுகாதார ஆய்வாளர் மோகன்ராஜ் வந்து தொற்று வீடென்று வாசலை மறித்துத் தகரம் அடித்தார்.

"சார், பொய் சொன்னேன் சார். வியாழக்கிழம சம்சாரத்துக்கு ஆபரேஷன்."

"தகரம் அடிச்சதும் எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

அந்த வாரத்தில் அண்ணன் சொன்ன ஒரே உண்மை அது, நம்பத்தான் ஆளில்லை. இருவர் மூக்கிலும் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். இரண்டு நாள் தகரத்துக்குப் பின்னால் அண்ணன் நடக்கும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

புதன் மாலை ரிப்போர்ட் வந்தது. இருவருக்கும் இல்லை. தகரத்தைப் பிரித்தார்கள். அந்த ரிப்போர்ட்டையே அண்ணன் டாக்டரம்மாவிடம் நீட்டினார். "இவ்ளோ பத்திரமா யாருமே இருந்ததில்ல" என்று அவர் பாராட்டினாராம். வியாழனன்று கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள்.

உண்மை தெரிந்ததும் உறவுகள் இரண்டு வருடம் முகம் திருப்பிக்கொண்டன. அந்த இரண்டு வருடமும் அக்கா நன்றாகத் தூங்கித் தேறினார்.

போன மாதம் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அத்தனை பேரும் வந்தார்கள். சந்திரிகா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்: "வாயத் தொறந்து ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷனாச்சே எங்கண்ணன்!"

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கிளியம்மாள் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாம்மா" என்றார்.