ஜப்பான் உறங்கும் நேரம்

மாலை நான்கு மணிக்கு ஜீவரத்தினம் கைகளைத் தேசிக்காய் தேய்த்துக் கழுவிவிட்டுக் கணினி முன் உட்காருவார். லண்டன் டூட்டிங் கடையொன்றில் காலையிலிருந்து மீன் வெட்டிய கைகள். "இப்ப ஜப்பான் படுத்திருக்கும்" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்துவிட்டுத் தன் வாக்கைப் போடுவார்.

அவர் ஆதரிக்கும் உதைபந்தாட்டக் கழகம் இந்த 2009 நவம்பரில், ரசிகர்களின் அபிமான வீரர் யாரென்று இணையத்தில் வாக்கெடுப்பு நடத்துகிறது. ஒரு கணினிக்கு நாளொன்றுக்கு ஒரு வாக்கு. அவருடையது கோல் காப்பாளர் டன்ஸ்டலுக்கு. டன்ஸ்டலுக்கு வயதாகிவிட்டது; இவரைப் போலவே முழங்காலும் சரியில்லை. வருகிற கோடையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. வாக்குகள் குவிந்தால் கழகம் வெட்கப்பட்டாவது இன்னொரு வருடம் வைத்திருக்கும் என்பது ஜீவரத்தினத்தின் நம்பிக்கை.

குறுக்கே நிற்பவன் டகிஷிமா. ஜப்பானிலிருந்து வந்த பொடியன். இன்னும் ஓர் ஆட்டம்கூட முழுதாக ஆடவில்லை. ஆனால் அணித்தலைவர் உட்பட மற்ற அத்தனை பேரின் வாக்குகளைக் கூட்டினாலும் அவனுக்குக் கிட்ட வராது. "ஆடாமலே இவ்வளவெண்டால், ஆடினால் என்ன செய்வான்?" என்று மீன் வாங்க வருவோரிடமெல்லாம் பொருமுவார்.

ஒரு நாடே திரண்டு வந்தால் நாமும் திரள வேண்டியதுதான். தொலைபேசி அட்டையைச் சுரண்டி, ரொறொன்ரோ, சூரிச், பாரிஸ், சிட்னி என்று சிதறிக் கிடக்கும் சொந்தத்தை அழைத்தார். கல்யாணத்துக்குச் சொல்வதுபோல் ஒருவரையும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும், வழக்கப்படி ரிசீவரை மனைவி நகுலேஸ்வரியிடம் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்.

ஒரே வாரத்தில் வாக்குகள் மளமளவென்று ஏறின, டகிஷிமாவுக்கு. அதுவும் ஜப்பான் குறட்டை விடும் நேரத்தில். குழம்பிப்போய், ரொறொன்ரோவில் இருக்கும் தங்கை சுசிலாவைக் கேட்டார்.

"ஓம் அண்ணை, அண்ணி சொன்ன அந்த ஜப்பான் பிள்ளைக்குத்தானே எல்லாரும் போடுறம்."

நகுலேஸ்வரி எதையும் மறைக்கவில்லை. வெங்காயம் அரிந்தபடியே சொன்னாள்: "உங்கட ஆளுக்கு மனிசி பிள்ளையள் பக்கத்தில இருக்கினம். இந்தப் பிள்ளை தெரியாத ஊரில தனிய நிக்குது. விளையாடவும் விடாமல் வெளியில வாங்குப் பலகையில இருத்தி வைச்சிருக்கிறாங்கள். பாக்கப் பாவமாக் கிடக்கு."

ஜீவரத்தினத்துக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போனது. ஜெர்மனியில் அகதி முகாமின் வாங்குப் பலகையொன்றில், பாஷை தெரியாமல், வேலை செய்யவும் அனுமதியில்லாமல் ஒரு குளிர்காலம் முழுக்கக் குந்தியிருந்த கதையை அவளுக்குச் சொன்னவரே அவர்தான்.

வாக்கெடுப்பின் கடைசி நாளும் வழக்கம்போல் உட்கார்ந்தார். அம்புக்குறியை டன்ஸ்டலின் நரைத்த தலைக்கு மேல் கொண்டுபோய் வைத்தார், அழுத்தவில்லை. கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நகுலா, கையைத் துடைச்சிட்டு வாரும்" என்றார். அவள் வந்து உட்காரும்வரை கதிரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.